குனிந்து வாங்கிய வீடு

ஜூன் 4, ஞாயிறு

இந்த டைரி ஜனவரியில் காப்பர் ஒயர் ஏஜென்சிக்காரர் இலவசமாகக் கொடுத்தது. மே மாதம் வரை உள்ள பக்கங்களில் என் மகள் இலக்கியா பள்ளிக்கூடக் கணக்கெல்லாம் போட்டுத் தீர்த்துவிட்டாள். மிச்சம் எனக்கு. "வீடு வாங்கப் போறவங்க நடந்ததை எழுதி வைக்கணும்" என்றாள் கோமளா. முழுசாகச் சொன்னால் அவள் சொன்னது, "கொஞ்ச நேரம் வாயை மூடிக்கிட்டு அதை எழுதுங்க."

நான் சபாபதி. பம்மலில் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் கடை. பத்தாவது பாஸ், இரண்டாவது முயற்சியில். கோமளா எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைகளைச் செக்கிங் செய்கிறாள். வீட்டில் என்னை.

இன்று ஞானாம்பிகை நகரில் ஒரு வீடு பார்த்தோம். தேவசகாயம் சார் என்ற ரிட்டயர்டான டிரில் மாஸ்டர் வீடு. அவரும் ரோஸ்லின் அம்மாவும் திருச்சியில் மகளோடு போய் இருக்கப் போகிறார்கள். இரண்டு ரூம், ஒரு ஹால், பின்னால் ஒரு முருங்கை. கோமளா ஹால் சுவரை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்ப்பது போல இருந்தது. விலை நாற்பத்தொன்று என்றார் சார். எங்கள் கையில் கோமளாவின் ஊர் நிலம் விற்ற பணம் இருபது லட்சம். மீதிக்குக் கடன்.

அப்போது தலைக்கு மேல் ஒரு பிளேன் போனது. போனது என்றால், மொட்டை மாடிக் கொடியில் காயும் துணியை எடுத்துக்கொண்டு போகும் உயரத்தில். டம்ளர் மூடிகள் ஆடின. ஏர்போர்ட் பக்கத்தில்தான். எனக்கு மின்னல் மாதிரி ஒரு யோசனை. தலைமேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, "ஐயோ!" என்று குனிந்துவிட்டேன். முழங்காலைக்கூட மடக்கினேன்.

"என்னா சார் இது, தலையிலயே எறங்குறான்? எம் பொண்ணு இங்க எப்படிப் படிக்கும்? நாளைக்கு ஒரு போல்ட் கழண்டு விழுந்தா?"

அரை மணி நேரம் விடாமல் பேசினேன். தேவசகாயம் சார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ரோஸ்லின் அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா ஏதோ தலையாட்டினார்கள். விலை முப்பத்தெட்டு ஆனது! பத்தாயிரம் டோக்கன் கொடுத்தோம். ஜூலை ஐந்துக்குள் அக்ரிமென்ட் போட வேண்டும்.

ஸ்கூட்டரில் திரும்பும்போது கோமளா, "நீங்க தப்பான தொழிலுக்கு வந்துட்டீங்க" என்று என் முதுகில் தட்டினாள். பிளேன் போன நேரத்தில் அவள் வாசல்படியில் செருப்பு வாரைச் சரி செய்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். என் நடிப்பை முழுசாகப் பார்க்கவில்லை. அதில் எனக்குச் சின்ன வருத்தம்.

ஜூன் 5, திங்கள்

ஒரே குனிதலில் மூன்று லட்சம். இதை நான் கடையில் சம்பாதிக்க எத்தனை மிக்ஸி குனிந்து பார்க்க வேண்டும்!

ஜூன் 9, வெள்ளி

டிவியில் ஒரு செய்தி. எங்கோ ஒரு நாட்டில், ஊர் ஓரத்து வீடுகள் மேல் பிளேன் விழுந்துவிட்டது. அந்தப் புகையையே திரும்பத் திரும்பக் காட்டினார்கள். இருபத்திரண்டு முறை வரை எண்ணினேன். தோசை இரண்டோடு நிறுத்திக்கொண்டேன். வழக்கமாக ஐந்து.

ஜூன் 10, சனி

கடையைப் பக்கத்து டைலரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஞானாம்பிகை நகர் முனையில் போய் நின்றேன். பத்து மணியிலிருந்து பதினொன்றரை வரை பதினேழு பிளேன். எல்லாம் அந்த வீட்டு முருங்கைக்கு நேர் மேலே. ஒன்றுகூட விழவில்லை என்பதையும் இங்கே குறிக்க வேண்டும். ஆனால் விழாத பிளேனைப் பற்றி யார் கவலைப்படுகிறார்கள்?

திரும்பி வந்தால் ஒரு அம்மா சட்னி ஜாரைக் கையில் பிடித்துக்கொண்டு முக்கால் மணி நேரமாகக் காத்திருக்கிறார்கள். "பிளேனா பாக்கப் போனீங்க? சின்னப் பசங்களாட்டம்" என்றார்கள்.

ஜூன் 12, திங்கள்

கோமளாவிடம் சொல்லிவிட்டேன். வேறு வீடு பார்க்கலாம் என்று.

"ஏன்?"

"பிளேன்."

"எந்த பிளேன்?"

"மேல போவுதே, அந்த பிளேன். எல்லா பிளேனும்."

அவள் வெங்காயம் உரிப்பதை நிறுத்தினாள். "வெலயக் கொறைக்க நீங்க உட்ட கதைய நீங்களே நம்பிட்டீங்களா?"

"அன்னிக்கு சும்மா சொன்னேன். அப்புறம் யோசிச்சுப் பாத்தா நான் சொன்னதுல நியாயம் இருக்கு."

இலக்கியா உள்ளே இருந்து சிரித்தாள். சோபாவில் உருண்டு சிரிக்கிற சத்தம் கேட்டது. கோமளா சிரிக்கவில்லை.

"கல்யாணமாகி பத்தொம்போது வருஷம். ஏழு வாடகை வீடு. சாமி படம் மாட்ட ஒரு ஆணி அடிக்கணும்னா ஓனர் வீட்டுக் கதவைத் தட்டணும். காலண்டரை ஜன்னல் கம்பியில கட்டி வெச்சிருக்கேன். காத்தடிச்சா ஆகஸ்டு வந்துடுது."

நான் ஜன்னல் பக்கம் திரும்பினேன். காலண்டர் அந்த நேரம் பார்த்து நவம்பரில் நின்றது.

ஜூன் 14, புதன்

நானும் சும்மா இருப்பவன் இல்லை. புரோக்கரோடு போய் வேறு வீடு பார்த்தேன். ஏரிக்கரை ஓரம். அமைதி. வானத்தில் காக்காய் மட்டும். விலையும் குறைவு. வந்து பெருமையாகச் சொன்னேன்.

"ரெண்டாயிரத்துப் பதினஞ்சுல அந்தத் தெருவுல தண்ணி எது வரைக்கும் நின்னுச்சு தெரியுமா?" என்றாள் கோமளா.

"ஜன்னல் வரைக்கும்னு புரோக்கரே சொன்னாரு. நல்ல மனுஷன், மறைக்கல."

"அது பரவாயில்லையா?"

"அது பழகின தண்ணிதானே" என்றேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் எனக்கே அது காதில் விழுந்தது.

இரவுச் சாப்பாட்டில் ரசம் மட்டும்.

ஜூன் 17, சனி

வீட்டுக் கடன் ஆபீசுக்குப் போனோம். டை கட்டிய பையன். இலக்கியாவைவிட நான்கு வயது பெரியவனாக இருப்பான். என்னைப் பார்த்து, "உங்க ஏஜுக்கு பதினஞ்சு வருஷம்தான் சார் குடுப்பாங்க" என்றான். ஏதோ காய்கறி வாடிவிட்டது என்று சொல்வது போல. கடனோடு சேர்த்து இன்சூரன்ஸ் எடுத்தால் நல்லதாம். அதற்கு மெடிக்கல் டெஸ்ட் உண்டாம்.

ஃபாரத்தில், தகப்பனார் உயிரோடு இருக்கிறாரா, இல்லையென்றால் எந்த வயதில், எதனால் என்று ஒரு கேள்வி இருந்தது. ஐம்பத்தொன்று. நெஞ்சு வலி. எழுதிக் கொடுத்தேன். எனக்கு நாற்பத்தாறு. கடன் அறுபத்தொன்று வரைக்கும் ஓடும். கோமளா சம்பளத்தில் மட்டும் தவணை கட்ட முடியாது. இதெல்லாம் சும்மா எழுதுகிறேன். பிரச்சினை அந்த பிளேன்தான்.

வெளியே வந்து ஸ்கூட்டரை எடுக்கும்போது மேலே ஒன்று போனது. மிகவும் தாழ்வாகத்தான் போகிறான்கள்.

ஜூன் 18, ஞாயிறு

காலையில் இலக்கியா ஒரு நோட்டுப் புத்தகத்தோடு என் எதிரே உட்கார்ந்தாள்.

"ப்பா, ஒன்னக் கொல்லக்கூடிய ஐட்டம்லாம் லிஸ்ட் எடுத்திருக்கேன். பிளேன் எத்தனாவதுன்னு பாக்கலாமா?"

"காலங்காத்தால நல்ல பேச்சு."

"ஒண்ணு. ஹெல்மெட் ஸ்கூட்டர்ல தொங்குது. தல தனியாப் போவுது. ரெண்டு. நம்ம கேஸ் ட்யூப்ல போட்டிருக்கிற வருஷம் பாத்தியா? நான் அஞ்சாவது படிச்சப்ப வாங்கினது. மூணு. இஸ்திரிப் பொட்டி ஒயர்ல இன்சுலேஷன் டேப். நாலு எடத்துல. நீ எலக்ட்ரிக் ரிப்பேர் கட வெச்சிருக்க ப்பா!"

"ஊருக்கெல்லாம் பாக்கறதுல நம்ம வீட்டுக்கு நேரம்…"

"நாலு. ஸ்டூல் மேல சேர் போட்டு ஏறி ஃபேன் தொடைக்கிறது. அஞ்சு. ஒரு நாளைக்கு ஒம்போது டீ, ரெண்டு சர்க்கர."

"பிளேன் எங்க?"

அவள் பக்கத்தைத் திருப்பினாள். அடுத்த பக்கத்தில், கடைசியில், பொடி எழுத்தில் இருந்தது. பாம்பு, தேங்காய் விழுதல், இவற்றுக்கெல்லாம் கீழே. தேங்காய்க்குக் கீழே பிளேனை வைத்ததை என்னால் ஏற்க முடியவில்லை. வாதாடினேன். தோற்றேன். சாயங்காலம் அவளே போய்ப் புது கேஸ் ட்யூப் வாங்கி வந்தாள். நான் ஹெல்மெட் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போனேன். மாஸ்டர் என்னை அடையாளம் தெரியாமல் காசு முதலில் கேட்டார்.

ஜூன் 20, செவ்வாய்

இன்று தேவசகாயம் சாரிடம் வீடு வேண்டாம் என்று சொல்லிவிட முடிவு செய்து புறப்பட்டேன். கோமளாவும் அரை நாள் லீவு போட்டு, "பீரோ நிக்குமான்னு அளந்துட்டு வரேன்" என்று டேப்போடு பின்னால் ஏறிக்கொண்டாள். இது மாதிரி ஆளை வைத்துக்கொண்டு எப்படி வேண்டாம் என்று சொல்வது?

ரோஸ்லின் அம்மா அச்சு முறுக்கு கொடுத்தார்கள். ஒரு பிளேன் போனது. நான் நடிக்காமலே குனிந்தேன். அந்த அம்மா அண்ணாந்துகூடப் பார்க்காமல், "பதினொண்ணு பத்து வண்டி. அரிசி களையணும்" என்று எழுந்து போனார்கள். அவர்களுக்குப் பிளேன் எல்லாம் கடிகாரம்.

கோமளா ஜன்னல் அருகே நின்று கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். என்ன என்று கேட்டேன். "கம்பி உறுதியா இருக்கான்னு பாக்கறேன்" என்றாள். பிளேன் போன பிறகும் கொஞ்ச நேரம் உறுதி பார்த்தாள். வீட்டு விஷயத்தில் அவளுக்கு இருக்கும் அக்கறை எனக்கு வராது.

கிளம்பும்போது சார் சொன்னார், "நேத்து ஒரு பார்ட்டி வந்தாங்க தம்பி. நாப்பது தாரேன்னாங்க. உங்களுக்கு அஞ்சாம் தேதி வரைக்கும் வாக்கு கொடுத்திருக்கேன். அதுக்குள்ள ஒரு முடிவு சொல்லிருங்க."

நான் வாயைத் திறந்தேன். வாயில் முறுக்கு இருந்தது. அப்படியே வந்துவிட்டேன்.

ஜூன் 21, புதன்

பீரோ நிற்குமாம். நான்கு விரற்கடை மிச்சமும் இருக்குமாம்.

ஜூன் 24, சனி

மெடிக்கல் டெஸ்ட். இது பிளேன் விஷயத்தோடு சம்பந்தப்பட்டது இல்லை என்றாலும், போட்ட ஃபாரத்தைப் பாதியில் விடக் கூடாது என்று போனேன். கோமளாவிடம் கோயிலுக்குப் போவதாகச் சொன்னேன். எதற்கு அவளைப் பயமுறுத்துவது?

சட்டையைக் கழற்றிப் படுக்க வைத்து நெஞ்சில் ஒயர் ஒயராக ஒட்டினார்கள். "எர்த் கரெக்டா இருக்காம்மா?" என்று கேட்டேன். அந்த நர்ஸ் பெண் சிரித்ததில் ஒரு ஒயர் கழன்றுவிட்டது. திரும்ப ஒட்டினாள்.

ரிப்போர்ட் புதன்கிழமை.

ஜூன் 25, ஞாயிறு

எழுத ஒன்றும் இல்லை.

ஜூன் 26, திங்கள்

இன்றும் இல்லை. டீ நான்கோடு நிறுத்தினேன்.

ஜூன் 27, செவ்வாய்

அப்பா எனக்கு முதன்முதலில் ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கச் சொல்லிக் கொடுத்த நாள் ஞாபகம் வந்தது. அது ஏன் இப்போது வந்தது என்று தெரியவில்லை. பிளேன் பத்து.

ஜூன் 28, புதன்

ரிப்போர்ட் வந்தது. டாக்டர் புரட்டிப் பார்த்துவிட்டு, "மோட்டார் நல்லா ஓடுது சபாபதி. சர்க்கரை மட்டும் கோட்டைத் தொட்டுக்கிட்டு நிக்குது. டீயில இனிப்ப விட்டுருங்க. வருஷா வருஷம் வந்து காட்டுங்க" என்றார். "அறுபத்தொண்ணு வரைக்கும் ஓடுமா டாக்டர்?" என்று கேட்டேன். "அதென்ன அறுபத்தொண்ணு கணக்கு? அதுக்கு மேலயும் ஓட்டுங்க" என்றார்.

அவருக்கு ஒரு மிக்ஸி இலவசமாகச் சர்வீஸ் செய்து தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஓர் ஆச்சரியத்தை இங்கே எழுத வேண்டும். சாயங்காலம் கடை மேல் இரண்டு பிளேன் போயிருக்கிறது. டைலர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பயம் குறைந்திருக்கிறது. ஹெல்மெட் போட்டுப் பழகிய தைரியமாக இருக்கலாம்.

ரிப்போர்ட்டைச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். துணி துவைக்க எடுத்த கோமளா அதைப் பார்த்துவிட்டாள். நான்கு பக்கத்தையும் நின்றபடியே படித்தாள்.

"இதான் நீங்க போன கோயிலா?"

நான் சட்டையை வாங்கி வாளியில் போட்டேன்.

"பிளேனு, பிளேனுன்னீங்களே" என்று மட்டும் சொன்னாள். அப்புறம் ரிப்போர்ட்டை மடித்து நகைப் பெட்டியில் வைத்தாள். இரவு தோசை ஐந்து. ஆறாவதும் போட்டாள்.

ஜூலை 1, சனி

வீடு வாங்குவது என்று முடிவாகிவிட்டது. ஆனால் ஒரு குடைச்சல். பொய் சொல்லி ஒரு பெரியவரிடம் மூன்று லட்சம் குறைத்திருக்கிறேன். அவர் வேறு நாற்பதை வேண்டாம் என்றிருக்கிறார். கோமளாவிடம் சொன்னேன். "சரி, போய்ச் சொல்லிடலாம். கேட்டா கூடக் கொஞ்சம் குடுத்துடலாம். என் வளையல் இருக்கு" என்றாள். இரண்டு பேரும் போனோம்.

"சார், மன்னிச்சுக்கணும். அன்னிக்கு நான் பயந்தது நெஜமில்ல. வெலயக் கொறைக்க நடிச்சேன். அப்புறம் நெஜமாவே பயம் புடிச்சிக்கிச்சு, அது வேற கத."

தேவசகாயம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துபோனேன். சிரிப்பு.

"ரோஸ்லின், இங்க வா! தம்பி பாவமன்னிப்பு கேக்க வந்திருக்காரு!" பிறகு என் பக்கம் திரும்பினார். "சொல்லுதேன் கேளுங்க. தொண்ணூத்தாறுல நாங்க இந்த வீட்டைப் பாக்க வந்தப்ப, மேல ஒரு பிளேன் போச்சு. நீங்க குனிஞ்சீங்க. நான் தரையில குப்புறப் படுத்துட்டேன். டிரில் மாஸ்டர் இல்லையா? விசிலடிச்ச மாதிரி படுத்தேன். இருபதாயிரம் கொறஞ்சுது."

"அந்தக் காலத்து இருபதாயிரம்" என்றார்கள் ரோஸ்லின் அம்மா. "அப்புறம் ஆறு மாசம் ராத்திரி பூரா முழிச்சுக் கெடந்தாரு. எனக்குப் பிள்ளைய ஒறங்க வைக்கணுமா, இவர ஒறங்க வைக்கணுமான்னு தெரியல."

"அப்ப நடிப்புன்னு அன்னிக்கே தெரியுமா சார்?"

"கண்டேனே. முழங்கால் மடக்கினது நல்லாருந்துச்சு. குரல்தான் கூடிப்போச்சு."

"அப்புறம் எதுக்கு சார் வெலயக் கொறச்சீங்க?"

அவர் ரோஸ்லின் அம்மா பக்கம் கை காட்டினார். அந்த அம்மா கோமளாவின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "ஒம் புருஷன் அந்தக் கூப்பாடு போட்டுக்கிட்டு இருக்கையில நீ அடுக்களையில எங்கிட்ட வந்து என்ன கேட்ட? 'இந்தச் சொவத்துல ஆணி எறங்குமாம்மா'ன்னு கேட்ட. எல்லாரும் தண்ணி வருமா, பட்டா இருக்கான்னு கேப்பாங்க. ஆணி எறங்குமான்னு யாரு கேட்டா? அப்பவே இவருகிட்ட தலையாட்டிட்டேன், இந்தப் பிள்ளைக்குத்தான் வீடுன்னு."

ஆக, மூன்று லட்சம் சம்பாதித்தது கோமளா. நான் சும்மா குனிந்திருக்கிறேன்.

வளையலைப் பற்றிப் பேச்சு எடுத்ததும் அந்த அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. முறுக்கோடு திரும்பினோம். இந்த முறை ஒரு டப்பா நிறைய.

ஜூலை 5, புதன்

அக்ரிமென்ட் போட்டாயிற்று.

ஆகஸ்ட் 21, திங்கள்

ஆடி முடியக் காத்திருந்து இன்று பத்திரப்பதிவு. வீடு கோமளா பெயரில். அவள் தன் பெயரை எழுதும்போது, "இந்த எடத்துலயாம்மா?" என்று மூன்று முறை கேட்டாள். இருபது வருஷமாகக் கையெழுத்துப் போடுகிறவள்.

செப்டம்பர் 3, ஞாயிறு

பால் காய்ச்சினோம். ஐயர் குறித்துக் கொடுத்த நேரம் காலை ஆறிலிருந்து ஏழு. புது அடுப்பு, புது ட்யூப், இலக்கியா ரெகுலேட்டரை மூன்று முறை சோதித்தாள். திருச்சியிலிருந்து சாரும் அம்மாவும் முந்தின நாளே வந்துவிட்டார்கள். டைலர் வந்தார். சட்னி ஜார் அம்மா வந்தார்கள். டாக்டரும் வந்தார், கையில் மிக்ஸியோடு.

பால் பொங்கி விளிம்புக்கு வரும் அதே நொடியில் பிளேன் வந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. "ஆறு இருவது வண்டி" என்றார்கள் ரோஸ்லின் அம்மா. எல்லோரும் சிரித்தார்கள். நான் குனியவில்லை. குனிய முடியவுமில்லை. பின்னாலிருந்து யாரோ என் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். திரும்பிப் பார்த்தால் கோமளா. கண்ணை இறுக்கி மூடியிருக்கிறாள். முகம் வெளுத்திருக்கிறது.

பிளேன் போனது. பால் பொங்கி வழிந்தது. அவள் கண்ணைத் திறந்தாள்.

"ஏய், ஒனக்கு பயமா?"

"மொத நாள்லேர்ந்தே."

"சொல்லவேயில்ல?"

"ரெண்டு பேரும் பயந்தா வீட்டை யாரு வாங்கறது?"

நான் செருப்பு வாரையும் ஜன்னல் கம்பியையும் நினைத்துப் பார்த்தேன். பத்தொன்பது வருஷம் கூட இருந்திருக்கிறேன். மிக்ஸிக்குள் என்ன கோளாறு என்று சத்தத்தை வைத்தே சொல்பவன் நான்.

விருந்தாளிகள் சாப்பிட்டுப் போன பிறகு கோமளா சுத்தியலை எடுத்தாள். நான் அடிக்கிறேன் என்றேன். தரவில்லை. இரண்டு ஆணி வளைந்தது. மூன்றாவது அடி, ஆணியைப் பிடித்திருந்த என் கட்டைவிரலில். நான்காவது அடிக்கு ஆணி இறங்கியது. காலண்டரை மாட்டினாள். அடுத்த பிளேன் வந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு காலண்டரையே பார்த்தாள். லேசாக ஆடியது. செப்டம்பரிலேயே நின்றது.

செப்டம்பர் 10, ஞாயிறு

பக்கத்து வீடும் விலைக்கு வந்திருக்கிறது. இன்று காலை ஒரு குடும்பம் பார்க்க வந்தது. நாங்கள் வாசலில் உட்கார்ந்து சர்க்கரை இல்லாத டீ குடித்துக்கொண்டிருந்தோம். ஒன்பது ஐந்து வண்டி போனது. பார்க்க வந்த மனிதர் தலையில் கை வைத்து, "ஐயோ, என்ன சார் இது!" என்று குனிந்தார்.

கோமளாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

நடிப்பு சுமார். முழங்கால் மடங்கவேயில்லை. ஐம்பதாயிரம் குறையலாம்.